ஒரு தட்டு நில், ரெண்டு தட்டு வா

சத்தியம்! கற்பூரத்தை ஊதி அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற சத்தியம் இல்லை. திருச்செங்கோட்டு மலையின் அறுபதாம் படியில் நின்று, பொய் சொன்னவன் கீழே இறங்குவதற்குள் வாய் கோணிப் போவான் என்கிற அந்தப் படியில் நின்று, தொண்டை கிழியச் சொல்கிற சத்தியம்: இதில் வருகிற ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் வாயில் மிச்சமிருக்கிற பற்களும் இன்றைக்கே சோற்றோடு சோறாக விழட்டும். டிரைவர் அர்த்தனாரியின் மண்டைக்குள் ஓடினது உமக்கு எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பார்கள். அவன் மண்டையின் வாகு அப்படி. பழைய லாரி கேபின் மாதிரி, உள்ளே ஒரு ஸ்பேனர் உருண்டால் வெளியே நாலு பேருக்குக் கேட்கும்.

ஆயுதப்படை மைதானத்தில் மே மாத வெயில் எண்ணெய்ச் சட்டியாகக் கொதித்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் எந்தப் பஸ் தேறும், எந்த டிரைவர் தேறுவான் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டச் சொல்லிப் பார்க்கிற நாள் அது. மஞ்சள் பஸ்கள் வரிசை கட்டி நின்றன, அதில் நடுவாந்திரமான ஒன்றின் ஸ்டியரிங்கை எவனுடைய கழுத்தையோ நெரிக்கிறவன் மாதிரி பிடித்துக்கொண்டு அர்த்தனாரி உட்கார்ந்திருந்தான். இன்றைக்குத் தேறினால் சாயங்காலம் வீடு திரும்புகிற வேலை, பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை, ராத்திரியில் சொந்தப் பாயில் படுக்கிற வேலை. தேறாவிட்டால் திங்கட்கிழமை சங்ககிரி முதலாளியின் லாரியில் ஏற வேண்டும், ஜவ்வரிசி மூட்டை, வடக்கே லைன், மண்டி, மண்டிக்குள் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும், பின்னால் ஒரு கிளீனர் நின்று பாடியைத் தட்டுவான். புதுக் கிளீனர் பார்த்தாயிற்று என்று முதலாளி சொல்லியும் விட்டார். எவனோ ஒருத்தன், எங்கேயோ இப்போது சோறு தின்றுகொண்டிருப்பான், அவனுடைய கை தன் வண்டியின் முதுகைத் தட்டப் போகிறது என்று அவனுக்கு இன்னும் தெரியாது. அந்தக் கையை நினைத்ததும் அர்த்தனாரியின் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. லுங்கியில் துடைக்கப் போனான்; லுங்கி இல்லை, காக்கிப் பேண்ட். பள்ளிக்கூடம் கொடுத்தது. தொடையில் இறுக்கியது. முன்னால் நின்ற பஸ் ஒரு பஸ் நீளம் நகர்ந்தது, இவனும் நகர்ந்தான், முன்னால் போவது சுலபம், முன்னால் போவதற்கு யாரும் தட்ட வேண்டியதில்லை. ஒரு தட்டு நில். ரெண்டு தட்டு வா. ஒன்று நில், ரெண்டு வா.

கேள்வியும் கேட்பார்களாம். நெருப்புப் பிடித்தால் என்ன செய்வாய்? பின்னை உருவுவேன், குழாயை நெருப்பின் அடிப்பக்கம் பார்த்துப் பிடிப்பேன், அமுக்குவேன், இப்படியும் அப்படியும் வீசுவேன். பள்ளிக்கூடத்து மேனேஜர் சொல்லிக் கொடுத்த பதில், குளிக்கும்போதுகூட உருப்போட்டது, வாய் சொல்கிறது, ஆனால் கண்ணுக்கு முன்னால் தொப்பூர்க் கணவாயில் மல்லாந்து கிடந்த டேங்கர் எரிகிறது, அதன் டிரைவர் ஹாரன்மேல் கவிழ்ந்து கிடக்கிறான், ஹாரன் விடாமல் அலறுகிறது, அந்த ஆள் கரிந்த பிறகும் அலறுகிறது, ஹாரனே உருகிச் சொட்டுகிறவரை அலறுகிறது. எவன் போய்ப் பின்னை உருவுவது. அடுத்த கேள்வி. அவசரத்தில் கண்ணாடியை எப்படி உடைப்பாய்? சுத்தியலால் மூலையில் அடிப்பேன், நடுவில் அடிக்க மாட்டேன். சுத்தியல் என்ற சொல் வந்த உடனே தோள்பட்டை தானாக முறுக்கேறியது, டாபாவில் கயிற்றுக் கட்டிலின் காலைப் பிடுங்கிக்கொண்டு ஒருத்தனை அறைந்தது, அவனுடைய கடைவாய்ப் பல் தெறித்துப் பக்கத்துக் கட்டில்காரரின் டீயில் விழுந்தது, அவர் கற்கண்டு என்று நினைத்துக் கலக்கிக் குடித்தது, எல்லாம் வரிசையாக வந்தன. எதற்கு அடித்தோம் அவனை? ஞாபகமில்லை. அடித்த கைக்கு மட்டும் ஞாபகமிருக்கிறது, உள்ளங்கையில் இன்னும் அந்தக் கட்டில் காலின் சிராய் ஏறின வடு இருக்கிறது. நாய் குறுக்கே வந்தால்? தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பேன், ஹாரன் அடிப்பேன், ஸ்டியரிங்கை ஒடிக்க மாட்டேன். நல்ல பதில். ஆனால் சக்கரம் வேறு பதில் சொல்லும். நாய் என்றால் முன் சக்கரத்தில் ஒரு சின்ன இருமல். ஆடு என்றால் ரெண்டு இருமல். மாடு என்றால் பம்பரே விம்மும். மனுஷன் என்றால். அர்த்தனாரி தலையை ஒரு உதறு உதறினான், எச்சிலை ஜன்னலுக்கு வெளியே துப்பினான், காக்கிச் சட்டையோடு துப்பக் கூடாது என்று மேனேஜர் சொன்னது துப்பின பிறகு ஞாபகம் வந்தது.

பின் சீட்டில் ரஞ்சிதமக்கா அவரைக்காயை நார் உரித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பிள்ளைகளைப் பிடித்து ஏற்றி இறக்குகிற ஆயாம்மா. பரீட்சைக்கு டிரைவரோடு அவளும் வர வேண்டும், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அவள்தான் நின்று சைகை சொல்ல வேண்டும், அப்படித்தான் இந்த வருஷம் சட்டம். விசில் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பல் ரெண்டும் இல்லாத வாயில் விசில் வைத்தால் வெற்றிலைச் சாறுதான் தெறித்தது, சத்தம் வரவில்லை. கேமரா? முன்னால் நிற்கிற பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பஸ்களில் இருக்கிறது. இதில் கேமரா இருந்த இடத்தில் ஒரு ஓட்டையும் ரெண்டு வயரும் தொங்குகின்றன. கண்ணாடியில் பார்த்தால் பஸ்ஸின் விலா தெரியும், முதுகு தெரியாது. அதனால் தட்டு. லாரிக்காரன் பாஷையில் தட்டு என்றால் ஒரே ஒரு அர்த்தம்: தட்டிக்கொண்டே இருந்தால் வா, வா, இன்னும் வா, தட்டு நின்றால் நில். ரஞ்சிதமக்கா மினி பஸ் ஏறி வளர்ந்தவள், அவள் பாஷையில் பஸ்ஸைத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். முதல் நாள் பழகும்போது அவள் நிறுத்து நிறுத்து என்று தட்ட, இவன் வா வா என்று கேட்டு வர, தலைமையாசிரியையின் புது ஸ்கூட்டர் பஸ்ஸுக்கும் கொடிமேடைக்கும் நடுவில் தோசைக்கல்லில் ஊற்றின மாவு மாதிரி ஆனது. அவ்வளவு மெல்லிசு, கதவிடுக்கில் தள்ளிவிடலாம். அந்தம்மா மயங்கி விழவில்லை, சத்தம் போடவில்லை, ஸ்கூட்டரின் கண்ணாடியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே அவனைத் துரத்தியிருப்பார்கள், டிரைவருக்குப் பஞ்சம் என்பதால் விட்டார்கள். "தம்பி, நீங்க லாரிய மறந்துபோடுங்க, நான் மினி பஸ்ஸ மறந்துபோடறேன்" என்று ரஞ்சிதமக்காதான் பஞ்சாயத்துப் பண்ணினாள். "ஒரு தட்டு நில்லு. ரெண்டு தட்டு வா. பச்சப்புள்ளைக்குக்கூடப் புரியும்." அவனுக்கும் புரிந்தது. மூன்று நாள் ஸ்கூல் மைதானத்தில் ஒரு மாங்கன்றைத் தவிர வேறெதையும் கொல்லாமல் பழகினான். இன்றைக்குக் காலையில் பல் துலக்கும்போதுதான் அந்தச் சனியன் பிடித்த யோசனை வந்தது: ஒரு தட்டுத் தட்டுகிறாள், நில். இவன் நிற்கக் கொஞ்சம் தாமதம், பதற்றத்தில் மறுபடியும் ஒரு தட்டு. நில், நில். ஒன்றும் ஒன்றும் ரெண்டு. ரெண்டு என்றால் வா. நில்லை ரெண்டு தடவை சொன்னால் வா ஆகிவிடுகிறது. பயந்து மூன்று தட்டினால்? வாவும் ஒரு நில்லும். நாலு? வா வா. பயம் கூடக் கூட வா கூடுகிறது. இதை அவளிடம் சொல்லலாம் என்று திரும்பினான். அவள் அவரைக்காயில் ஒரு புழுவைக் கண்டுபிடித்து, நகத்தால் இரண்டாக நறுக்கி, ஜன்னல் வழியாகச் சுண்டினாள்.

அவனுடைய பழைய கிளீனர் காத்தானும் அப்படித்தான், காய் நறுக்கும்போது புழுவிடம் பேசிக்கொண்டே நறுக்குவான். எடப்பாடிக்காரன். அர்த்தனாரியைவிடப் பத்து வயது மூத்தவன், கிளீனராகவே பிறந்து கிளீனராகவே மொட்டையானவன், டிரைவர் ஆகு என்று எத்தனையோ பேர் சொல்லியும், ஸ்டியரிங் பிடித்தால் தூங்க முடியாதே என்று மறுத்தவன். ரெண்டு பேரும் ஒரே கேபினில் தின்று தூங்கிக் குளிர் காய்ந்து, புருஷன் பெண்டாட்டியைவிட அதிகமாக அடித்துக்கொண்டார்கள். ரசத்தில் உப்பில்லை என்று அர்த்தனாரி அவன் மொட்டைத் தலையில் கரண்டியால் போட்டான். அவன் வீல் ஸ்பேனரால் இவன் பல்லைப் பெயர்த்தான். ஓடுகிற வண்டியிலேயே கியருக்கு மேலே கட்டிப் புரண்டு அடித்துக்கொண்டதுண்டு, ஸ்டியரிங்கை எவன் பிடித்தான் என்று இன்றுவரை தெரியாது, வண்டி தன்னால் டோல்கேட்வரை போனது, உள்ளே நடக்கிற அடியைப் பார்த்து டோல்காரன் பயந்து குறுக்குக் கம்பியைத் தூக்கிவிட்டான். அடித்து முடித்தால் ரெண்டு பேரும் ஒரே பீடியைப் பாதிப் பாதி குடிப்பார்கள். ரெண்டு வருஷத்துக்கு முந்தின அந்த நாள் காலையில் வெங்காயம். குழம்பில் வெங்காயம் வதங்கவில்லை. இது என்னடா, அரைவேக்காட்டுக் குழம்பு, உன் மூஞ்சி மாதிரியே இருக்குது என்று இவன் ஸ்டவ்வை எட்டி உதைத்தான், கொதிக்கிற குழம்பு காத்தானின் கால்மேல் கொட்டியது. கொப்புளம் கிளம்புகிற காலைப் பார்த்துக்கொண்டே காத்தான் நிதானமாகச் சொன்னான், "இனி உங்கூட ஒரு வார்த்த பேசுனா நான் எங்கப்பனுக்குப் பொறக்கலடா." அப்படியே பேசாமல் ஏறினான், பேசாமல் உட்கார்ந்தான், மண்டி வந்ததும் பேசாமல் இறங்கினான், நொண்டிக்கொண்டே பின்னால் போனான். பகல் வேளை. வானம் வெள்ளையாக எரிந்தது. நெடுக மதில், மதிலை ஒட்டி வண்டியின் முதுகைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். தட்டு ஆரம்பித்தது. தப், தப், தப். வா, வா, வா. வந்தான். தப் தப் தப் என்று வேகமாகியது. பேச மாட்டாயா, நாயே, தட்டுவதிலா கோபத்தைக் காட்டுகிறாய், வருகிறேன் இரு. தபதபதபவென்று ரெண்டு கையாலும் அறைகிற சத்தம், பாடியே அதிர்ந்தது, என்ன கொழுப்பு இந்தக் கிழவனுக்கு, வந்தேன்டா, இந்தா வந்தேன் என்று ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தான். ஏதோ ஒரு மூட்டை நசுங்குகிற மாதிரி இருந்தது. தட்டு நின்றது. நின்றால் நில். நின்றான்.

இறங்கிப் போய்ப் பார்த்ததை நினைக்கக் கூடாது என்று நினைத்தால் வேறெதையும் நினைக்க முடிவதில்லை. பின்பக்கத்து மூட்டை கிழிந்து ஜவ்வரிசி கொட்டிக்கொண்டேயிருந்தது, வெள்ளை வெள்ளையாக, உருண்டு உருண்டு, மொட்டைத் தலைமேல், திறந்த வாய்க்குள், காதுக்குள். கீழே விழுந்த மணிகள் சிவப்பில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ரெண்டு கையும் விரிந்தபடி லாரிப் பாடியின்மேல். அடித்து அடித்து உள்ளங்கை கிழிந்திருந்தது. மண்டிக்காரர்கள் ஓடி வந்து பாஷை தெரியாமல் இவனை அடித்தார்கள், போலீஸ் வந்து பாஷை தெரிந்து அடித்தது, எதுவும் வலிக்கவில்லை. எல்லாம் முடிந்து, பனிக்கட்டி மேல் காத்தானைப் படுக்க வைத்து இவனே ஓட்டி வந்தான். அங்கிருந்து எடப்பாடி வரைக்கும், ஆறு தாண்டி, மலை தாண்டி, மாநிலம் மாநிலமாகத் தாண்டி, ஒரு இடத்தில்கூட ரிவர்ஸ் போடவில்லை. வழி தவறினால் ஒரு ஜில்லாவையே சுற்றிக்கொண்டு வந்தான். டீ குடிக்கக்கூட முன்னால் போக இடமிருக்கிற கடையில்தான் நிறுத்தினான். அதெல்லாம் போகட்டும். ஏன் அங்கே போய் நின்றான்? இதுதான் ரெண்டு வருஷமாக மண்டைக்குள் சுற்றுகிற ஈ. ஆயுசு பூராவும் லாரிக்குப் பின்னால் நின்றவன், வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கக் கூடாது என்று அடுத்தவனுக்குப் பாடம் எடுக்கிறவன், ஏன் அங்கே போனான்? கால் வெந்து நடக்க முடியாமலா? அப்படியென்றால் வெங்காயம் கொன்றது. சாக வேண்டும் என்றேவா? குடித்திருந்தானா? குடிக்கவில்லை, டாக்டரே சொன்னார். சரி, நசுங்குகிறபோது ஒரு சத்தம் போட்டிருக்கலாமே, அர்த்தா நிறுத்துடா என்று ஒரே ஒரு வார்த்தை. மூச்சு இல்லையா, இல்லை, அப்பனுக்குப் பொறக்கலைன்னு ஆயிடுமே என்று வாயை மூடிக்கொண்டானா. இப்படி ஒரு வீம்பு உண்டா. உண்டு, காத்தானுக்கு உண்டு. அந்த வீம்பை நினைத்து இவனுக்குக் கோபம் வரும், செத்தவனை எழுப்பி வைத்து மறுபடி அறையலாம் போல வரும், சுவரை அறைவான், கதவை அறைவான், ஒரு நாள் பெண்டாட்டி சம்பூரணம், வீட்டுச் சுவரில் இனி அறைய இடமில்லை, பக்கத்து வீட்டில் போய்க் கேளுங்க என்றாள். அவள்தான் இந்தப் பள்ளிக்கூட வேலையைக் கேட்டு வந்தவள். பிள்ளைகளை ஏத்துனா கை அடங்கும்ங்க, என்றாள்.

முன்னால் இருந்த பஸ் போய்விட்டது. யாரோ தள்ளிவிட்ட மாதிரி முன்னால் வெறும் மைதானம். கையில் அட்டையும் கழுத்தில் விசிலுமாகப் பிரேக் இன்ஸ்பெக்டரம்மா நின்றார். வா என்று விரலால் கூப்பிட்டார். வளைந்து வளைந்து கம்பங்களுக்கு நடுவில் ஓட்டினான், ஒரு கம்பமும் அசையவில்லை. நிறுத்தச் சொன்ன கோட்டில் நிறுத்தினான். நெருப்பு என்றார், பின், அடி, அமுக்கு, வீசு என்றான். நல்லா ஓட்டுறீங்க, எத்தன வருஷம் லாரி என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், அந்த மதிலோரம் ரெண்டு டிரம்முக்கு நடுவுல பின்னால கொண்டுபோய் விடுங்க, எறங்கக் கூடாது, எட்டிப் பாக்கக் கூடாது, ஆயாம்மா சைகைய வச்சுத்தான் வரணும் என்றார். ரஞ்சிதமக்கா அவரைக்காயை முந்தியில் முடிந்துகொண்டு இறங்கினாள். இறங்கும்போது, பயப்படாதீங்க தம்பி, பழகுனதுதானே என்றாள். ரிவர்ஸ் கியரைப் போட்டான். தப் தப். ரெண்டு. வா. வந்தான். தப் தப். வா. இது காத்தான் இல்லை, இது இந்தக் கை, அவரைக்காய்க் கை. தப் தப். வந்தான். தப். ஒன்று. பிரேக். நின்றான். அப்புறம் ஒன்றும் இல்லை. மைதானத்தின் இரைச்சல் எல்லாம் யாரோ போர்வை போட்டு மூடின மாதிரி அடங்கிவிட்டது. அப்புறம், தப். இன்னொன்று. இது எது? முதல் தப் நில், ரெண்டாவது தப் நில்லேன்டா என்கிற நில்லா? இல்லை, தாமதமாக வந்த ரெண்டா? ஒன்றும் ஒன்றும் ரெண்டா, இல்லை, தனித்தனி ஒன்றுகளா? கால் பிரேக்கில் இருந்து எழுந்தது. பஸ் ஒரு முழம் பின்னால் சாய்ந்தது. தப். என்னடா வரவில்லை என்கிற எரிச்சலா, ஐயோ என்கிற தட்டா, ரெண்டுக்கும் ஒரே சத்தம்தானே, அன்றைக்கும் ஒரே சத்தம்தானே. ஹேண்ட் பிரேக்கை வேரோடு பிடுங்குகிற மாதிரி இழுத்தான், கதவை உதைத்தான், குதித்தான், விசில் பீறிட்டது, இன்ஸ்பெக்டரம்மா ஏய் ஏய் என்றார், பின்பக்கம் ஓடினான்.

அவள் நின்றிருந்தாள். பஸ்ஸுக்கும் மதிலுக்கும் நடுவில். மதிலில் முதுகைச் சாய்த்து, ஒரு கையால் முந்தியை விசிறிக்கொண்டு, இன்னொரு கையை பஸ்ஸில் வைத்துக்கொண்டு, அவளுடைய வயிற்றுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முறம் நுழைகிற இடம்தான் இருந்தது. ஏன் தம்பி எறங்குனீங்க, இன்னும் கொஞ்சம் வரலாமே என்றாள். அர்த்தனாரிக்குக் கண் இருண்டது. அவள் கொண்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான், இழுத்து வெளியே எறிந்தான், எறிந்தவன் விடாமல் போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, எதுக்குடி அங்க நின்ன, எதுக்குடி, எதுக்கு என்று அவளை மண்ணில் மோதினான். அவரைக்காய் சிதறியது, அவள் முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது, அவள் போட்ட கூச்சலில் வரிசையில் நின்ற அத்தனை டிரைவர்களும் குதித்து வந்தார்கள். பொம்பளையப் போட்டு அடிக்கறான்டா. முதல் அடி பிடரியில். கீழே விழுந்தான். ரெண்டாவது மூக்கில், எலும்பு நகர்கிற சத்தம் அவனுக்கே கேட்டது. அப்புறம் முதுகு. எண்ண முடியாத கைகள், எண்ண முடியாத கால்கள், முதுகில் தப் தப் தப் தப் என்று விழுந்தன. வாய் நிறைய மண். அந்த மண்ணோடு அவன் நினைத்தான்: தட்டுகிறார்கள். தட்டினால் வர வேண்டும். முழங்காலால் ஊர்ந்தான், முன்னாலா பின்னாலா தெரியவில்லை, வருகிறேன், வருகிறேன், இன்னும் தட்டு, காத்தா, நான்தான், வந்துகொண்டேயிருக்கிறேன். விசில் நெடுக ஒலித்தது. தட்டு நின்றது. அவனும் நின்றான்.

இன்ஸ்பெக்டரம்மா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், நடுவில் கிடந்த ரஞ்சிதமக்காவின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். செருப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கூட்டம் நாலு அடி தள்ளி நின்றது. அடித்தவர்களில் ஒருத்தன் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டான். ரஞ்சிதமக்கா எழுந்து உட்கார்ந்து, கொண்டையைத் தேடி முடிந்துகொண்டே, உன் கையில புத்து வைக்க, உன் வண்டி தீப்பிடிக்க என்று அர்த்தனாரியை வரிசையாகச் சபித்தாள். ஏம்மா, அங்க போய் யாராச்சும் நிப்பாங்களா, அங்க எதுக்கு நின்னீங்க என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார்.

"அங்கதானுங்க மேடம் நெழலு இருந்துச்சு."

குப்புறக் கிடந்த அர்த்தனாரி அதைக் கேட்டான். நெழலு. வெள்ளையாக எரிந்த வானம், நெடுக மதில், தார்ப்பாய் கட்டின உயரமான லோடு, அதன் பின்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு நிழல். வெந்த காலோடு ஒரு கிழவன் சித்த நேரம் நிழலில் நின்றிருக்கிறான். வெங்காயம் இல்லை, குடி இல்லை, சாகிற யோசனை இல்லை. வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறான். ரெண்டு வருஷமாகச் சுவரை அறைந்து கேட்டதற்குப் பதில் இவ்வளவுதானா? மண்ணும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டே சிரித்தான், சிரித்து நிறுத்த முடியாமல் அழுதான், அடித்தவர்கள் இவனுக்கு மூளையில் பட்டுவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்து தலையில் ஊற்றினார்கள்.

இன்ஸ்பெக்டரம்மா அட்டையில் ஃபெயில் என்று எழுதினார். வண்டிய விட்டு எறங்குனது தப்பு, கைய வச்சது அதவிடத் தப்பு என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, நாளைக்குக் காலையில முதல் வண்டி, ரிவர்ஸ் மட்டும், மூஞ்சியக் கழுவிட்டு வாங்க என்றார். வேண்டுமென்றால் போலீசுக்குச் சொல்லலாம் என்று ரஞ்சிதமக்காவிடம் அவர் தணிந்து சொன்னதும் எல்லோருக்கும் கேட்டது. அவள் தன் ஒற்றைச் செருப்பு கிடந்த இடத்தை ஒரு தரம் பார்த்தாள். இந்த ஆளுகூடப் போறதுக்கு எனக்கே கிறுக்குப் பிடிச்சிருக்கோணும் என்று சொல்லிக்கொண்டே வந்து பஸ்ஸில் ஏறி, பின்னால் போகாமல், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் தொம்மென்று உட்கார்ந்தாள். வழியில் அர்த்தனாரி காத்தானைப் பற்றிச் சொன்னான். ஜவ்வரிசி வரைக்கும் சொன்னான். அவள் முழங்கையில் எச்சில் தொட்டுத் தடவிக்கொண்டே கேட்டாள். ரயில்வே கேட்டில் நின்றபோது வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு நான் தட்டமாட்டேன். வாயில சொல்றேன். வரலாம், வரலாம்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். சத்தம் நின்னா நீங்க நில்லுங்க."

"மூச்சு வாங்கறதுக்கு நிறுத்துனா?"

"நில்லுங்க."

"வெத்தல துப்பறதுக்கு?"

"நில்லுங்க."

"செத்துப் போயிட்டா, அக்கா?"

"செத்தா மட்டும் சத்தம் வருமா தம்பி? அப்பவும் நில்லுங்க." கொண்டையை ஒரு தரம் தொட்டுப் பார்த்து, "இன்னொருக்கா எம் மயிரப் புடிச்சீங்கன்னா நாந்தான் உங்களக் கொல்லுவேன்" என்றாள். கேட் திறந்தது.

இப்போதும் காலை எட்டேகாலுக்கு உங்கள் தெருமுனையில் காது கொடுத்தால் கேட்கும். ஒரு பொக்கைவாய், வரலாம் வரலாம் என்று ஊரெல்லாம் எழும்பும்படி ராகம் போடும். நடுவில் ஒரு இருமல் வந்தால் பஸ் ஆணி அடித்த மாதிரி நிற்கும். உள்ளே பிள்ளைகள் ஓவென்று சிரிக்கும். டிரைவர் மாமாவின் மூக்கு ஏன் கோணல் என்று பிள்ளைகள் கேட்டால், மைதானத்தில் தேன்கூடு கலைந்து கொட்டிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறார்கள், பெற்றோரும் நம்பிவிட்டார்கள், அது அப்படியே இருக்கட்டும். நீங்களும் உங்கள் பிள்ளையை ஏற்றிவிடும்போது அவன் மூக்கை உற்றுப் பார்க்காதீர்கள். பார்த்து, அவனுக்கு விஷயம் புரிந்து, யார் சொன்னது என்று வந்து கேட்டால், எனக்கு வயதாகிவிட்டது, அவன் கை இன்னும் முழுசாக அடங்கிவிடவில்லை. ஆகையால், சாமி, யாரோ சொன்னார்கள் என்று சொல்லுங்கள், கனவில் வந்தது என்று சொல்லுங்கள், என் பேரை மட்டும் வாய் தவறியும் எடுத்துவிடாதீர்கள்.